95 வெள்ளி சுவிட்ச்சுக்கு 460 வெள்ளி கொடுத்த கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காடி, அதாவது கார், புரோட்டோன் வீரா 1.5, ஆட்டோ கியர், 2002-இல் அப்பா புதிதாக வாங்கியது. இக்னிஷன் சுவிட்ச் 35 வெள்ளி (மலேசிய ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஒரு ரிலேயும் கொஞ்சம் வயரும் 15 வெள்ளி, கூலி 45 வெள்ளி. ஆக 95. ஆனால் இந்த 95-க்கு வந்து சேர்வதற்கு முன்னால் தேவையே இல்லாமல் ஒரு பாட்டரி 245, இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டியதற்கு 120 என்று 365 வெள்ளி போய்விட்டது. மொத்தம் 460. விலை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இங்கேயே கிளம்பிவிடலாம், மீதிக் கதையில் எங்கே அந்த 365 போனது என்பதுதான் இருக்கிறது, அதில் என் தப்பு எவ்வளவு என்பதும்.

ஆரம்பம் எப்போது என்று கேட்டால் எனக்கே தெரியாது. அப்பா கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்டுவதை நிறுத்திவிட்டு சாவியை என்னிடம் கொடுத்தபோதே ஒரு குறிப்பும் சேர்த்துக் கொடுத்தார். "சில நேரம் ஒண்ணும் சத்தம் வராதும்மா, பயப்படாத, சாவிய லேசா ஒரு ஆட்டு ஆட்டிப் போடு, வந்திடும்." நானும் ஆட்டிப் போட்டேன், வந்தது. நான்கு வருடம் இப்படியே ஓடியது. அதை ஒரு கோளாறு என்று நான் நினைத்ததே இல்லை, வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போட்டால்தான் விழும் என்பது மாதிரி, அந்தக் காடியின் குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மஸ்ஜித் இந்தியாவில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு ஜாலான் கூச்சிங் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். சாயங்கால மழை, அந்த மாதத்தில் எப்படிப் பெய்யும் என்று கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெப்போங் ரவுண்டபோட் வருவதற்குள் சாலையில் ஒரு சின்னப் பள்ளம், டயர் அதில் இறங்கி ஏறியது, அவ்வளவுதான், ரேடியோ, ஏர்கோன், வைப்பர், இன்ஜின் எல்லாம் ஒரே நேரத்தில் அமைதியாகிவிட்டன. மீட்டரில் எழுபது இருந்தது. ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்தேன், முதல் மிதி பிடித்தது, இரண்டாவது மிதியும் பரவாயில்லை, மூன்றாவது முறை பெடல் மரக்கட்டையை மிதிப்பது போல இருந்தது. இன்ஜின் ஓடினால்தான் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சும் காற்று கிடைக்கும், நின்றுவிட்டால் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான், இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். டபுள் சிக்னல், இரண்டு பக்கமும் சேர்ந்து மின்னுகிற அபாய விளக்கு, மட்டும் வேலை செய்தது, அது சாவி வழியாகப் போகாமல் பாட்டரியிலிருந்து நேராக வருகிறதாம். பின்னால் வந்த லோரிக்காரர் அடித்த ஹோன் இன்னும் காதில் இருக்கிறது.

ஓரத்துக்கு உருண்டு வந்து நின்று, கியரை 'என்'னில் (நியூட்ரலில்) போட்டு, சாவியை ஆட்டிப் போட்டேன். வந்தது! அதுதான் பிரச்சினை. வந்துவிட்டதால் வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டேன், மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செத்துக் கிடந்தது.

இனி 365 வெள்ளி எப்படிப் போனது என்று பாருங்கள். காலையில் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. எதிர் வீட்டு அண்ணன் வந்து பார்த்து "பாட்டரிதான்" என்றார். வீட்டுக்கே வந்து பாட்டரி மாற்றிக் கொடுப்பவர்களைக் கூப்பிட்டேன், பையன் வந்தான், பழைய பாட்டரியைச் சோதித்துப் பார்த்து "வீக்கா இருக்கு அக்கா" என்றான். இரண்டரை வருடப் பாட்டரி, இந்த ஊர் வெயிலுக்கு அது வீக்காக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை, அதனால் அவன் பொய் சொன்னான் என்று சொல்ல மாட்டேன். மாற்றினான், 245 வெள்ளி, சாவியைத் திருப்பினேன், முதல் தடவையே பிடித்துக்கொண்டது. அவனுக்குச் சந்தோஷம், எனக்கும். மூன்றாம் நாள் ஆபீஸ் கார் பார்க்கில் மறுபடி சத்தமில்லை.

இன்சூரன்சில் இலவச இழுவை இருந்ததால் அதற்குக் காசு போகவில்லை. இழுத்துக்கொண்டு போய் விட்ட பட்டறையில் ஸ்டார்ட்டரைக் கழற்றினார்கள், கார்பன் தேய்ந்திருக்கிறது, சுத்தம் பண்ணிவிட்டோம், 120 என்றார்கள். நான்கு நாள் ஓடியது. அப்புறம் நின்றது. திரும்பப் போய்க் கேட்டால் அந்தப் பட்டறைக்காரர் என்னைப் பார்க்காமலேயே, "அப்ப இக்னிஷன் சுவிட்ச்தான், முழு செட் மாத்தணும், சாமான் 280, கூலி 150" என்றார். 430. அந்த வீராவை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை வித்தியாசம் முழுக்க இந்த ஒரு சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. கடையில் "இக்னிஷன் சுவிட்ச்" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். நாம் சாவியை நுழைக்கிற இடம் உலோகத்தில் ஒரு பேரல், அதற்குள் சின்னச் சின்ன ஸ்பிரிங்கும் தகடும் இருந்து சரியான சாவிதானா என்று பார்க்கிறது, அதோடுதான் ஸ்டியரிங்கைப் பூட்டுகிற கம்பியும் சேர்ந்திருக்கிறது. அது பூட்டு. அதன் முதுகில், பேரல் திரும்பும்போது கூடவே திரும்புகிற மாதிரி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் செப்புத் தகடுகள், அதிலிருந்து வயர்கள். அதுதான் சுவிட்ச். நாம் ஒரே திருப்பில் இரண்டையும் திருப்புவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். சாவி நுழையவில்லை, திரும்ப மறுக்கிறது, சிக்கிக்கொள்கிறது என்றால் பூட்டு. சாவி அழகாகத் திரும்புகிறது ஆனால் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் டப்பா. முழு செட் மாற்றினால் கதவுச் சாவி வேறு, இக்னிஷன் சாவி வேறு என்று ஆகிவிடக் கூடாதே என்று கதவுப் பூட்டுகளையும் சேர்த்துத் தருவார்கள், விலை அங்கேதான் ஏறுகிறது. எனக்குக் கெட்டிருந்தது டப்பா மட்டும்.

இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவர் செந்தூல் பாசாருக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஃபோர்மன், அதாவது மெக்கானிக், அறுபது தாண்டியவர், ஆபீஸில் கூட வேலை செய்கிற அக்கா சொல்லித்தான் போனேன். பலகை கூட இல்லாத தகரக் கூரைப் பட்டறை, வாசலில் ஒரு பழைய காஞ்சில் காடி கிடக்கும், அதுதான் அடையாளம். நான் நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் எதையும் தொடவில்லை. கேட்டது மூன்றே கேள்வி.

"சாவியப் போட்டதும் டேஷ்போட் லைட்டு வருதா, இல்ல அதுவும் வரலையா?"

சில நேரம் வரும், சில நேரம் மங்கலாக வரும் என்றேன்.

"'பி'யில ஸ்டார்ட் ஆகாதப்ப 'என்'ல போட்டுப் பார்த்தியா?"

பார்த்தேன், அதே கதைதான். 'பி' என்றால் பார்க்கிங். கியர் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம், 'பி'யோ 'என்'னோ இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுப்பது, அது கெட்டால் பெரும்பாலும் ஒன்றில் ஆகாமல் இன்னொன்றில் ஆகும்.

"பள்ளத்துல விழுந்தப்ப இன்ஜின் மட்டும் நின்னுச்சா, ரேடியோவும் சேர்ந்து நின்னுச்சா?"

எல்லாமே என்றேன். "அப்ப பாட்டரி மேலயும் ஸ்டார்ட்டர் மேலயும் என்னம்மா தப்பு? ஓடிக்கிட்டிருக்கிற காடி ஸ்டார்ட்டர் கெட்டா நிக்குமா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அவ்வளவு எளிய கேள்வி. எனக்குத் தோன்றவில்லை, பாட்டரிப் பையனுக்கும் தோன்றவில்லை, அந்தப் பட்டறைக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சரி, நானும் அவர்களிடம் ஜாலான் கூச்சிங் கதையைச் சொல்லவே இல்லை, "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும்தான் சொன்னேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் சோதனை. மல்டிமீட்டரைப் பாட்டரியில் வைத்தார், 12.6 வோல்ட். ஸ்டார்ட்டருக்குப் போகிற ஒல்லி வயரில் வைத்துக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார், 8-ஐத் தாண்டவில்லை. நடுவில் எங்கேயோ நான்கு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. கைப்பிரேக் போட்டிருக்கிறதா, கியர் 'பி'யில்தானே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சாவியை ஓனில் விடச் சொல்லி, ஒரு வயர்த் துண்டால் பாட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக அந்த ஒல்லி வயர் முனையைத் தொட்டார், ஸ்டார்ட்டர் சும்மா சீறிக்கொண்டு சுற்றியது. இதை வீட்டில் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், கியர் மட்டும் விழுந்திருந்தால் காடி ஆள் மேல் ஏறிவிடும். ஆனால் பார்த்த பத்து நிமிடத்தில் பாட்டரி நல்லது, ஸ்டார்ட்டர் நல்லது, கோளாறு சாவிப் பக்கம் என்று மூன்றும் தெரிந்துவிட்டன.

ஸ்டியரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் மூடி, அடியிலிருந்து ஸ்குரூக்களைக் கழற்றினால் இரண்டு பாதியாகப் பிரிந்து வருகிறது. பூட்டுக்குப் பின்னால் டப்பா, அதற்கும் ஸ்குரூதான். வயர் சாக்கெட்டை இழுத்தால் கையோடு வந்துவிட்டது. சாக்கெட்டில் ஒரு ஓட்டை மட்டும் பழுப்பு நிறமாகி, பிளாஸ்டிக் லேசாக இளகி உருமாறியிருந்தது. டப்பாவைச் சின்னத் திருப்புளியால் நெம்பித் திறந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே போட்டிருந்த கிரீஸ் கறுத்து இறுகி, காப்பித் தூள் அடியில் படிந்த மாதிரி இருந்தது. செப்புத் தகடு மூன்றில் இரண்டு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன, மூன்றாவதில் குழி குழியாகக் கருகல், விரல் நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. நான்கு வருடம் நான் "லேசா ஆட்டி"யது இந்தக் குழிக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது என்று புரிந்தது. ஆட்டுகிற ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பொறி, ஒவ்வொரு பொறிக்கும் ஒரு புதுக் குழி.

ஏன் கருகுகிறது என்று கேட்டேன். ஸ்டார்ட்டர் மோட்டார் குடிக்கிற நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் சாவி வழியாகப் போவதில்லை, அது பாட்டரியிலிருந்து தடிமனான கேபிளில் நேராகப் போகிறது. ஆனால் அந்த மோட்டாரை எழுப்பிவிடுகிற சோலனாய்டுக்கான கரண்ட், என் காடியில் இந்தச் சின்னத் தகடு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் ஒரு ரிலே போட்டுவிட்டார். இனிமேல் சாவி ரிலேயை மட்டும் தட்டி எழுப்பும், பாரத்தை ரிலே சுமக்கும். 15 வெள்ளிக்கு நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஏர்கோனையும் ஹெட்லைட்டையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு என்றும் சொன்னார், அப்பா காலத்து ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், நான் ஒருநாளும் செய்ததில்லை.

சாமான் வாங்க அவரே என்னை ஜாலான் ஈப்போவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அனுப்பினார், பழைய டப்பாவைக் கையில் கொடுத்து, "வாயால சொல்லாத, இதக் காட்டு" என்றார். கடைக்காரரான சீனத் தவுக்கே அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்று 35, இன்னொன்று 78, அதன் மேல் ஒரிஜினல் என்று ஸ்டிக்கர் இருந்தது. ஃபோர்மனுக்குப் போன் செய்தேன். சாக்கெட் ஊசிகளைப் பார், இரண்டும் ஒரே தடிமனா என்று கேட்டார், ஒரே தடிமன்தான், அப்படியென்றால் 35 போதும் என்றார். ஹாஃப்கட் கடையில், பழைய காடிகளை அறுத்துச் சாமான் விற்கிற இடத்தில், வயரோடு 25-க்குக் கிடைக்குமே என்று நான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டதற்கு, "உன் காடி வயசு எவ்வளவோ அதே வயசுதானம்மா அந்த சுவிட்ச்சுக்கும்" என்றார். கதவோ கண்ணாடியோ என்றால் ஹாஃப்கட் சரி, உரசித் தேய்கிற சாமானை அங்கே வாங்குவதில் எனக்கும் இப்போது நம்பிக்கை இல்லை.

திரும்பி வந்தபோது என் சாவிக்கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்தார். வீட்டுக்குப் போய் அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 240 கிராம். வீட்டு கிரில் சாவி, பூட்டுச் சாவி இரண்டு, ஆபீஸ் அலமாரி, தபால் பெட்டி, ஒரு குட்டி டார்ச், பத்துமலையில் அம்மா வாங்கிக் கொடுத்த பித்தளை வேல். இத்தனையும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தப் பேரலில் தொங்கி ஊஞ்சலாடியிருக்கின்றன. இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் திரும்பப் பெற்ற கார்கள் ஞாபகம் இருக்கிறதா, ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் என்று கிட்டத்தட்ட 26 லட்சம் கார்கள். அங்கே தகடு கருகவில்லை, சுவிட்ச் தன் இடத்தில் நிற்கிற பிடிமானம் குறைவாகச் செய்யப்பட்டிருந்தது, கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி ஓனிலிருந்து ஒரு படி பின்னால் நழுவிவிடும். இன்ஜின் நின்றால் எனக்கு ஆன மாதிரி ஸ்டியரிங், பிரேக் எல்லாம் கனத்துவிடும், அதைவிட மோசம், ஏர்பேக்கும் விரியாது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களுக்கு அதுதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டு பணம் கொடுத்தது, 2015-இல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். ஒரு சின்ன டப்பா. இதைப் படித்த அன்றே காடிச் சாவியைத் தனியாகக் கழற்றிவிட்டேன், வேல் இப்போது கண்ணாடியில் தொங்குகிறது.

புதுக் காடி வைத்திருப்பவர்கள் என் 95-ஐப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சித்தி மகனுடைய காடி 2019-இல் எடுத்தது, சாவியில் சிப் இருக்கிறது. அவனுக்குப் பூட்டு சிக்கி, சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு 900-க்கு மேல் சொன்னார்களாம். அந்த மாதிரிக் காடியில் பேரலைச் சுற்றி இருக்கிற ஒரு கம்பிச் சுருள் சாவியில் இருக்கிற சிப்பைப் படிக்கும், அது இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எண்ணாக இல்லாவிட்டால் இன்ஜின் ஓடாது, அதனால் சாவி மாறினால் கம்ப்யூட்டருக்கும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. பெரிய இடம் என்றால் பில்லின் அடியில் 8 விழுக்காடு சேவை வரியும் உட்கார்ந்திருக்கும். ஆனால் அவனும் முதலில் கேட்க வேண்டியது அதே கேள்விதான், பூட்டா டப்பாவா. டப்பா மட்டும் என்றால் பல காடிகளில் சிப்பைத் தொட வேண்டியதே இல்லை.

கூலி 45-தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. சுவிட்ச்சைப் பூட்ட அவருக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை, ரிலேக்கு இன்னொரு முக்கால் மணி. ஆனால் அந்த மூன்று கேள்விக்கு என்ன விலை? கேட்காமல் சாமான் மாற்றியவர்களுக்கு 365 கொடுத்தேன், கேட்டவருக்குச் சாமான் காசு போக 45. எழுபதாக வைத்துக்கொள்ளுங்கள் அங்கிள் என்று நீட்டினேன், வாங்கவில்லை, "தீபாவளிக்கு முறுக்கு குடுத்துவிடு" என்றார். கொடுத்துவிட்டேன், அம்மா சுட்டது, ஒரு டின் நிறைய.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் கருகின டப்பாவைக் காட்டி, பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். தகடு, குழி, 12.6, 8, ரிலே, எல்லாம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவை விளக்குப் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவும்மா குடுத்த?"

"சுவிட்ச்சுக்கு மட்டும் 35."

"ஏமாத்திட்டான். நான் மாத்தினப்ப 22 வெள்ளிதான்."

"எப்பப்பா மாத்தினீங்க?"

"2011-லயோ என்னமோ. இதே மாதிரிதான், ஆட்டி ஆட்டிப் போட்டுக்கிட்டிருந்தேன், அப்புறம் ஒருநாள் நின்னுடுச்சு."